காய்ந்த பிறகு பார்த்த நிறம்

எங்கள் வீட்டில் காலை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தொடங்கும். பட்டாணி எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போவாள். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் திட்டில் வைப்பாள்.

"இந்தாங்க, உங்க டீ" என்பாள்.

ஒன்பது வயது. அந்த வேடிக்கை அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை. எனக்கும்தான்.

பட்டாணி நாங்கள் வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தாள். இப்போது மாத்திரையால் கன்னம் இரண்டும் உப்பிப்போய், அந்தப் பெயர் வேறு விதமாகப் பொருந்திவிட்டது.

அவளுக்குச் சிறுநீரக நோய். நான்கு வயதில் தொடங்கியது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப் போகும். முதலில் கண்ணிமை வீங்கும், பிறகு முகம், பிறகு கால். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் ஒழுக்கு நிற்கும். சில மாதம் நன்றாக இருப்பாள். பிறகு ஒருநாள் காலையில் கண்ணிமை கனத்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

ஒழுகுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கிண்ணம். முன்பெல்லாம் சோதனைக் குழாயில் காய்ச்சி, கலங்குகிறதா என்று பார்ப்போம். அதை என் மனைவிதான் செய்வாள். இந்தத் தடவை மருத்துவமனையில் ஸ்டிரிப் கொடுத்துவிட்டார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குச்சி, அதன் நுனியில் ஒரு சின்னச் சதுரம். நனைத்தால் சதுரம் நிறம் மாறும். மஞ்சளாகவே இருந்தால் ஒன்றுமில்லை, 'நில்'. லேசாகப் பச்சை தட்டினால் 'ட்ரேஸ்'. பச்சை கூடக் கூட ஒரு ப்ளஸ், இரண்டு ப்ளஸ், மூன்று ப்ளஸ். டப்பாவின் மேலேயே அந்த நிறங்களை வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். முதல் வண்டி அவளுடையது என்பதால் நாங்கள் எழுவதற்குள் டிப்போவுக்குப் போயிருப்பாள். ஆகவே காலை வேலை என்னிடம் வந்தது.

"கலர் பாக்குற வேலைதானே, உங்களை விட்டா யாரு?" என்று நோட்டை என்னிடம் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன்.

பதினெட்டு வருடமாக அதே வேலை. வாடிக்கையாளர் ஒரு துணித் துண்டையோ, பெயர்ந்த சுவர்ச் சில்லையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். வெள்ளையில் இத்தனை சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு என்று விட்டு, டப்பாவை இயந்திரத்தில் வைத்துக் குலுக்கி, விரல் நுனியால் ஓர் அட்டையில் தடவி ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். "அதேதாங்க, குடுங்க" என்று அவர் பரபரப்பார். தர மாட்டேன். ஈரத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும். அரைமணி கழித்து ஒரு படி இறங்கியோ ஏறியோ தன் சொந்த முகத்துக்கு வரும். அப்போது பார்த்துச் சரி என்றால்தான் டப்பாவை மூடுவேன். எங்கள் முதலாளி, "இந்த ஆள்கிட்ட கல்யாணத்துக்கு பெயின்ட் கேட்டா, முதல் குழந்தை பொறந்தப்புறம்தான் குடுப்பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் இன்றுவரை நிறம் தப்பிவிட்டது என்று ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை.

வீட்டிலும் நான் அப்படித்தான். எங்கள் கூடத்துச் சுவரில் மூன்று வருடமாக ஏழு மஞ்சள் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள். மழை நாளில் ஒன்று நன்றாக இருக்கிறது, வெயிலில் வேறொன்று. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஸ்டிரிப்பையும் அந்த ஒழுங்கோடுதான் பார்த்தேன். நனைத்து, உதறி, வெள்ளை டைல்ஸ் துண்டின் மேல் வைத்துவிட்டு, பட்டாணிக்குத் தலை சீவி, கஞ்சி வைத்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டு வருவேன். ஜன்னல் வெளிச்சமும் அதற்குள் சரியாகியிருக்கும். நிதானமாகப் பார்த்து எழுதுவேன். பிறகு, கடையில் ஒவ்வொரு கலவையின் பக்கத்திலும் அதன் மாதிரியை ஒட்டி வைப்பதுபோல, ஸ்டிரிப்பையும் நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒட்டிவிடுவேன்.

முதல் வாரம் மூன்று ப்ளஸ். நீலம் கலந்த கடும்பச்சை. பிறகு இறங்கியது. இரண்டு, ஒன்று. அதன்பின் ஒன்றிலேயே நின்றுவிட்டது.

நான் காத்திருந்தது நில் என்ற ஒரு சொல்லுக்காக. அதுவும் மூன்று நாள் தொடர்ந்து.

ஏன் என்று சொல்ல வேண்டும். போன வருடம் நோய் திரும்பியிருந்த சமயத்தில் பட்டாணிக்கு வயிற்றுவலி வந்தது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறி, வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. வயிற்றில் கோத்திருந்த நீரில் கிருமி சேர்ந்திருந்தது. நிமோகாக்கஸ் என்றார் டாக்டர் அம்மா. மற்ற பிள்ளைகள் பலருக்கு மூக்கில் சும்மா இருந்துவிட்டுப் போகிற கிருமியாம்.

"இவளுக்குப் புரதத்தோட எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து ஒழுகிடுது. வாட்ச்மேன் எல்லாரும் வெளியே போயிட்ட கட்டடம் மாதிரி. யார் வேணா உள்ளே வரலாம்" என்றார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முதல் நான்கு நாளைப் பற்றி நானும் மனைவியும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது எங்களுக்கு அது கிடைக்கவில்லை. குணமாகி வந்ததும் போட்டிருக்க வேண்டும். முதல் தடவை போனபோது நோய் திரும்பியிருந்தது. இரண்டாம் தடவை காய்ச்சல். மூன்றாம் தடவைக்கு நாள் குறித்திருந்தோம், அதற்கு முந்தைய வாரம் கண்ணிமை கனத்தது.

"மாத்திரை முழு அளவுல ஓடும்போது போட்டாலும் தப்பில்லை. ஆனா உடம்பு ஊசிகிட்ட பாடம் கத்துக்கணும் பாருங்க, அப்ப சரியா கத்துக்காது" என்று டாக்டர் அம்மா விளக்கினார். "மூணு நாள் தொடர்ந்து நில் வரட்டும். மாத்திரையைக் குறைச்சிட்டு ஊசி போடுவோம். ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கூலுக்கு அனுப்பலாம். நாலு வாரம் ஆகியும் நிக்கலேன்னா, நோய் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படலைன்னு அர்த்தம். சிறுநீரகத்துல ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பாக்கணும். பலமான வேற மருந்துக்குப் போகணும். தடுப்பூசியை அப்ப கிடைச்ச பலனோட போட வேண்டியதுதான்."

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். அதனால் வாரம் ஒருமுறை போனில் நோட்டைப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். கேட்பவர் தடுப்பூசி அறை நர்ஸ். பிள்ளைகள் எல்லோரும் அவரை ஊசியக்கா என்பார்கள். மூன்றாவது வாரம் நான் படித்தேன்.

"திங்கள் ஒரு ப்ளஸ். செவ்வாய் ஒரு ப்ளஸ், ட்ரேஸ் பக்கம் கொஞ்சம் சாஞ்ச மாதிரி. புதன் ஒரு ப்ளஸ், ஓரத்துல மட்டும் நீலம் தட்டுது."

"சார், எனக்கு ப்ளஸ் மட்டும் போதும். வர்ணனை வேணாம்."

"சரிங்க. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு."

"மூஞ்சி வீக்கம்?"

"நல்லா வத்திடுச்சு. எடையும் ரெண்டு கிலோ இறங்கியிருக்கு."

மறுமுனையில் பேனாவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வீக்கம் வத்துது, எடை இறங்குது, ப்ளஸ் மட்டும் போக மாட்டேங்குது. எங்கேயோ இடிக்குதே சார். சரி, அடுத்த வியாழக்கிழமை வரும்போது நோட்டை மறந்துடாதீங்க. காலையில முதல்ல போற யூரினையும் ஒரு பாட்டில்ல கொண்டு வாங்க."

பட்டாணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதானா?"

"ஆமாண்டா."

"ஸ்கூல்ல என் எடத்துல வேற ஒருத்தி உக்காந்துட்டாளாம். ஜன்னல் பக்கத்து எடம். என் ஃபிரெண்டு போன்ல சொன்னா."

"போனதும் கேட்டு வாங்கிக்கலாம்."

"எப்பப் போனதும்?"

அவள் என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, அதில் அச்சடித்திருந்த மஞ்சள் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது என்ன அவ்ளோ கஷ்டமான கலரா?" என்றாள்.

மாத்திரை அவளுக்குப் பசியைக் கிளப்பும். உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிடுவாள். சாயங்காலம் காரணமில்லாமல் அழுவாள். ஒருநாள் தண்ணீர் டம்ளரை என் மேல் வீசினாள், பிறகு தானே துடைத்தாள். அந்த நாட்களில் கடையில் நின்றுகொண்டு மஞ்சளில் பச்சை கலக்கும்போதெல்லாம் கை தயங்கும். எத்தனை சொட்டுப் பச்சையை நான் பிரிக்க முடிந்தால் அவள் பள்ளிக்கூடம் போவாள் என்று கணக்குப் போடுவேன். கலந்ததைப் பிரிக்க முடியாது என்பது என் தொழிலில் முதல்நாளே தெரிந்துகொள்ளும் விஷயம்.

வியாழக்கிழமை மனைவி விடுப்பு எடுத்திருந்தாள். மூவரும் போனோம். தடுப்பூசி அறை சின்னது. ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, சுவரோரம் ஒரு ஃப்ரிட்ஜ், அதன் கதவில் காலையும் மாலையும் வெப்பநிலை குறிக்கும் தாள். ஊசியக்கா பட்டாணியை எடை நிறுத்தார், கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"அக்கா, இன்னிக்காவது எனக்கு ஊசி போடுங்க."

"ஊசி வேணும்னு அழற பிள்ளையை இப்பத்தாம்மா பாக்குறேன். இங்க வர்ற மத்ததெல்லாம் மேசைக்கு அடியில போய் ஒளியுது" என்றபடி அவர் நோட்டைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம். இருபத்தேழு ஸ்டிரிப்கள் வரிசையாக, கோணாமல், பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன.

"இதெல்லாம் என்ன சார்?"

"அந்தந்த நாளோடது. நாளைக்கு ஒரு சந்தேகம்னா எடுத்துப் பாக்கலாமே."

"எல்லாம் பச்சையா இருக்கு."

"ஆமாங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"நனைச்சு எவ்வளவு நேரம் கழிச்சுப் பாப்பீங்க?"

"காஞ்சப்புறம்."

ஊசியக்கா நோட்டை மெல்ல மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னவோ பெரிதாகச் சரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என்னவென்று மட்டும் புரியவில்லை.

"டப்பாவுல ஒரு நிமிஷம்னு போட்டிருக்குமே சார்."

"குறைஞ்சது ஒரு நிமிஷம்னுதானே?"

"இல்ல. சரியா ஒரு நிமிஷம். அதுக்கு மேல போனா நிறம் தன்னால ஏறிக்கிட்டே போகும். காஞ்சா சும்மாவே பச்சையாகும். அது கணக்கே இல்ல."

பெயின்ட் டப்பாவில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தால் குறைந்தது நான்கு மணி நேரம் என்று பொருள். எந்தத் தொழிலாளியும் அதற்குமேல் ஒரு மணி கூட விட்டுத்தான் அடுத்த பூச்சு அடிப்பான். இதை நான் சொல்ல வாயெடுத்தேன்.

மனைவி நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுச் சுவர் மூணு வருஷமா காயுதுங்க சிஸ்டர்" என்றாள். அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

ஊசியக்கா நாங்கள் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, புதிய ஸ்டிரிப்பை நனைத்து மேசையில் வைத்தார். மணிக்கட்டுக் கடிகாரத்தைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். நான்கு பேரும் குனிந்து பார்த்தோம்.

"நேரமாச்சு. என்ன நிறம்?"

"மஞ்சள்" என்றாள் பட்டாணி.

"உன்னைக் கேக்கல. பெரிய கண்ணு உங்கப்பாவோடது. சார், பச்சை ஏதாவது தெரியுதா?"

நான் பார்த்தேன். ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், ஓரத்தில், எங்காவது ஒரு துளி பச்சை ஒளிந்திருக்கும் என்று தேடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

"இல்லைங்க."

"அப்போ நில்."

ஸ்டிரிப்பை எடுத்துப் போடாமல் அங்கேயே விட்டுவிட்டு, பாட்டிலை லேபுக்கு அனுப்பினார். டாக்டர் அம்மா கூப்பிடுவதற்கு அரைமணிக்கு மேல் ஆனது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பட்டாணி மட்டும் அறைக்குள் ஓடி எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! பச்சையாயிடுச்சு! நாம இந்தப் பக்கம் வந்ததும் மாறிடுச்சு, திருட்டுப் பய!"

டாக்டர் அம்மா லேப் தாளையும் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"லேப்ல சரியாத்தான் இருக்கு. ஒழுகல் நின்னிருக்கு. எப்ப நின்னுச்சுன்னு இந்த நோட்டை வச்சு எனக்குச் சொல்லத் தெரியாது. பத்து நாள் இருக்கலாம், ரெண்டு வாரம் இருக்கலாம்."

"அப்ப அந்த ரெண்டு வாரம் மாத்திரை..." என்று நான் தொடங்கினேன்.

"கூட ஓடியிருக்கு. ஆமா. அதைத் திருப்ப முடியாது. பெரிய கெடுதல் ஒண்ணும் ஆயிடல. போன்ல படிக்கும்போதே எப்படிப் பாக்குறீங்கன்னு நாங்களும் கேட்டிருக்கணும்." ஒரு கணம் நிறுத்தினார். "துணுக்கு எடுக்கிறது இப்ப வேணாம். இன்னும் மூணு நாள் காலையில, கடிகாரம் வச்சு, ஒரு நிமிஷத்துல பாருங்க. மூணும் நில்லுன்னா போன் பண்ணுங்க. மாத்திரையைக் குறைச்சு ஊசி போட்டுடலாம். பாக்குறது நீங்கதானே?"

மனைவி என்னை முந்திக்கொண்டாள். "அவர்தான் பாப்பாரு" என்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பட்டாணி என் மடியில் தூங்கிவிட்டாள். மூன்று நிறுத்தம் கடந்தபிறகு மனைவி சொன்னாள்:

"என்கிட்ட அந்த சிஸ்டர் ஒரு நிமிஷம்னு தெளிவாத்தான் சொன்னாங்க. நான் உங்ககிட்ட நனைச்சுப் பாத்து எழுதுங்கன்னு மட்டும் சொன்னேன். கலர் பாக்குறவர்கிட்ட போய் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

பட்டாணியின் தலை சரியாமல் நான் கையை அணை கொடுத்தேன். மனைவியும் தன் கையை என் கைமேல் வைத்தாள்.

முதல் நாள் காலை மேசையில் மனைவியின் டியூட்டி கடிகாரம் இருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பட்டாணி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் நனைத்தேன். அவள் விநாடி முள்ளைப் பார்த்து உரக்க எண்ணத் தொடங்கினாள்.

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினெட்டு வருடமாக நான் எதையும் ஒரு நிமிடத்தில் தீர்மானித்ததில்லை. பொறுத்துப் பார்ப்பதை ஒரு குணமாக, கொஞ்சம் உயர்ந்த குணமாகவே நினைத்திருந்தேன். நான் பொறுமையாக இருந்த ஒவ்வொரு காலையும் இந்தப் பிள்ளை தேவையில்லாத மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். காத்திருந்தால் உண்மை தெரியும் என்பது சுவருக்குச் சரி. இங்கே உண்மை முதலில் வந்து, நான் கஞ்சி வைக்கப் போன நேரத்தில் கிளம்பிப் போயிருக்கிறது.

"ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொம்போது, அறுபது! சொல்லுங்க!"

"மஞ்சள்."

"நிச்சயமா?"

"ஈரமா இருக்குடா..."

"அப்பா!"

"நில்" என்றேன். அவளே எழுதினாள். எழுதியதும் ஸ்டிரிப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "ஒட்டக் கூடாதுன்னு ஊசியக்கா ஆர்டர்" என்றாள்.

இரண்டாம் நாளும் மஞ்சள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் பார்க்காத சமயம் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்டிரிப் பச்சையாகிக்கொண்டிருந்தது. மூடியை மூடினேன்.

மூன்றாம் நாள் அவள் நாற்பத்தைந்தில் எண்ணுவதை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மீதியை நான் எண்ணினேன். அறுபதில் குனிந்தேன், ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

"நில்."

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னாச்சுங்க?" என்றார். "மஞ்சளா இருக்குங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாளாகி, அளவும் குறைந்தது. அடுத்த வாரம் நானும் பட்டாணியும் மட்டும் போனோம். மனைவிக்கு விடுப்பு மிச்சமில்லை.

ஊசியக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தேதியைப் படித்தார், பட்டாணியின் அட்டையோடு ஒப்பிட்டார். மருந்து முன்பே சிரிஞ்சுக்குள் நிரப்பி வந்திருந்தது. மேலே தெளிவாக, அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தது. அதைக் குலுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் குலுக்குங்க. அடியில நிக்குது" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி குலுக்கினார்.

"சார் சொல்றது சரிதான். குலுக்குற விஷயத்துல நீங்க சீனியர்" என்றார்.

முழுக்க ஒரே வெள்ளையாகும்வரை குலுக்கினார். எந்தக் கலப்பும் இல்லாத பால் வெள்ளை. அட்டையில் தடவிப் பார்க்க என் விரல் தானாக நகர்ந்தது. அந்த விரலைப் பட்டாணி பிடித்துக்கொண்டாள்.

ஊசி அவள் மேல்கையில் இறங்கியபோது நான் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த வெப்பநிலைத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். காலை நான்கு, மாலை ஐந்து, காலை நான்கு. அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

"அவ்ளோதானா? இதுக்கா ஒரு வருஷம்?" என்றாள்.

"இதுக்குத்தான்" என்றார் ஊசியக்கா, வட்டமான சின்னப் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டே. "எட்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு இருக்கு. அது இதே கிருமிக்கு வேற வகை ஊசி. தேதி எழுதிட்டேன். இன்னிக்குக் கை வலிக்கும், கொஞ்சம் காய்ச்சல் அடிக்கலாம். அதிகமானா, இல்ல வயிறு வலிச்சா, யோசிக்காம கிளம்பி வந்துடணும். ஊசி போட்டாச்சேன்னு அலட்சியமா இருக்கக் கூடாது. உடம்புல பிடிக்க ரெண்டு வாரமாகும். அதுவரைக்கும் ஸ்கூல் வேணாம்."

பட்டாணி யோசித்தாள்.

"அப்ப இது காயணும். அப்பாவுக்கு ஏத்த ஊசி" என்றாள்.

ஊசியக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு எங்களை அனுப்பினார்கள்.

இரண்டாவது பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றோம். முதலில் வந்த வண்டியில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. மூன்றாவதாக வந்ததை மனைவி ஓட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால், சீருடையில், நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று அவள் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. மற்றவர்கள் மீறினாலும் அவள் மீறவிடமாட்டாள். நாங்கள் இருவரும் யாரோபோல ஏறி, சீட்டு வாங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்தோம்.

வண்டி நகர்ந்தது. பட்டாணி சட்டைக் கையை மேலே சுருட்டி, பிளாஸ்டர் ஒட்டிய கையை உள்கண்ணாடிக்கு நேராக உயர்த்தினாள். கண்ணாடியில் மனைவியின் கண் ஒருமுறை மேலே வந்தது, கீழே போனது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

பிறகு முன்னால் ஒரு வண்டியும் இல்லாத, குறுக்கே ஓர் ஆளும் போகாத வெறும் சாலையில், அவள் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தாள். பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.